இருப்பதா, பிரிவதா?

ஸ்காட்லாந்து ஜனங்கள் யோசித்து முடிவு செய்த வரலாறு

2014-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 18-ந் தேதியன்று ஸ்காட்லாந்து தேசத்தில் ஒரு விசித்திரமான தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலில் வேட்பாளர் என்று யாரும் நிற்கவில்லை. வாக்குச் சீட்டில் ஒருவருடைய பெயரும் இல்லை. ஒரு கட்சியின் சின்னமும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு கேள்வியும் இரண்டு கட்டங்களுந்தான். "ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?" என்பது கேள்வி. இங்கிலீஷ் பாஷையில் அது ஆறே வார்த்தைகளில் அடங்கிவிட்டது. "வேண்டும்" என்பவர்கள் ஒரு கட்டத்திலும், "வேண்டாம்" என்பவர்கள் மற்றொரு கட்டத்திலும் குறியிட வேண்டியது. அவ்வளவுதான்.

காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரையில் வாக்குச் சாவடிகள் திறந்திருந்தன. வாக்குரிமை பெற்றிருந்த சுமார் 43 லட்சம் பேரில் நூற்றுக்கு 84.6 பேர் வாக்களித்தார்கள். வயது வந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை என்று ஏற்பட்ட பிறகு, பிரிட்டனில் எந்தப் பொதுத் தேர்தலிலும் இவ்வளவு பெரும் பகுதியினர் வாக்களித்ததில்லை. விடிய விடிய எண்ணி மறுநாள் காலையில் முடிவைச் சொன்னார்கள். "வேண்டும்" என்றவர்கள் 16,17,989 பேர். "வேண்டாம்" என்றவர்கள் 20,01,926 பேர்.

"சுதந்திரம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுகிற ஜனங்களும் உலகத்தில் உண்டா?" என்று நமது நேயர்கள் ஆச்சரியப்படலாம். ஆச்சரியம் நியாயமானதே. நம் நாட்டில் அந்நிய ஆட்சி நம்மைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. வேண்டுமா, வேண்டாமா என்று யாரும் சீட்டுக் கொடுத்ததும் இல்லை. ஸ்காட்லாந்தின் சங்கதி வேறு. அது வாளால் பிடிக்கப்பட்டுச் சேர்ந்த நாடன்று. தன் பார்லிமெண்டின் வாக்கினாலேயே சேர்ந்த நாடு. ஆகையால் பிரிவதா என்ற கேள்வி அங்கே விடுதலைப் போராட்டமாக எழவில்லை. அது ஒரு பாகப் பிரிவினை வழக்கைப்போல் எழுந்தது. அந்த வழக்கில் ஒவ்வொரு குடியானவனும், ஒவ்வொரு குடும்பத் தலைவியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும்கூட நீதிபதியாக உட்கார வேண்டியதாயிற்று. அவர்கள் எவ்வாறு யோசித்தார்கள், எதை எதை எடை போட்டார்கள் என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இரண்டு நாடுகள் ஒன்றான விதம்

ஆதியில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் தனித்தனி இராஜ்யங்கள். 1603-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் ராணி எலிஸபெத் சந்ததியின்றி இறந்தாள். அவளுக்கு வாரிசாக வந்தவர் ஸ்காட்லாந்தின் மன்னரான ஆறாவது ஜேம்ஸ். அன்று முதல் இரண்டு நாடுகளுக்கும் மன்னர் ஒருவர். ஆனால் பார்லிமெண்டு இரண்டு, பொக்கிஷம் இரண்டு. ஒரு நூற்றாண்டு காலம் இப்படியே சென்றது.

பிறகு ஸ்காட்லாந்துக்கு ஒரு பெரிய ஆசை பிறந்தது. மற்ற தேசத்தார் கடல் கடந்து குடியேற்றங்களை ஏற்படுத்திச் செல்வம் குவிப்பதைக் கண்டு, தாங்களும் பனாமா பூசந்தியில் டேரியன் என்னுமிடத்தில் ஒரு குடியேற்றம் நிறுவுவது என்று தீர்மானித்தார்கள். பிரபுக்களும் வியாபாரிகளும் சாமானியர்களும் பணம் போட்டார்கள். நாட்டின் கைமுதலில் ஒரு பெரும் பங்கு அதில் போய் விழுந்தது. 1698-ம் வருஷத்தில் சுமார் 1,200 பேருடன் கப்பல்கள் புறப்பட்டன. காய்ச்சல் கண்டது, பட்டினி வந்தது, ஸ்பானியர்கள் எதிர்த்தார்கள், இங்கிலீஷ் குடியேற்றங்களோ உதவி செய்யக்கூடாது என்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்டுக் கைகட்டி நின்றன. 1700-க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. போட்ட பணமும் திரும்பவில்லை.

இந்த நிலைமையில்தான் இரண்டு பார்லிமெண்டுகளையும் ஒன்றாக்கும் யோசனை வந்தது. 1707-ம் வருஷம் ஜனவரியில் ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டில் 110 பேர் சேர்க்கைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் எழுபதுக்குச் சற்றுக் குறைவு. சேர்க்கைக்கு ஈடாக இங்கிலாந்து கொடுக்க ஒப்புக்கொண்ட 3,98,085 பவுனில் ஒரு பகுதி டேரியனில் நஷ்டமடைந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் ஜனங்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அக்காலத்தில் ஜனங்களைக் கேட்கும் வழக்கமே கிடையாது. அந்த வருஷம் மே மாதம் 1-ந் தேதி முதல் கிரேட் பிரிட்டன் என்ற ஒரே இராஜ்யம் ஏற்பட்டது.

ஆனால் ஸ்காட்லாந்து வெறுங்கையுடன் புகுந்த வீட்டுக்குப் போகவில்லை. தன் நீதிமன்றங்களையும் சட்டத்தையும், தன் திருச்சபையையும், தன் பள்ளிக்கூடங்களையும் தனியாகவே வைத்துக்கொண்டது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் வாசலும் அதற்குத் திறந்தது. ஸ்காட்லாந்து வாலிபர்கள் வியாபாரிகளாகவும் வைத்தியர்களாகவும் சிப்பாய்களாகவும் அதிகாரிகளாகவும் உலகெங்கும் போனார்கள். சென்னையில் தீவுத்திடல் பக்கமாகப் போகிறவர்கள், அங்கவடியில்லாத குதிரைமீது கம்பீரமாக அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலையைப் பார்த்திருப்பார்கள். சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோவின் சிலை அது. அவர் கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தவர். சேர்க்கையினால் ஸ்காட்லாந்துக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அந்தச் சிலையே ஒரு சாட்சி. அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும்.

கேள்வி எழுந்த காரணம்

சாம்ராஜ்யம் போயிற்று. ஸ்காட்லாந்தின் கப்பல் கட்டும் துறைகளும், நிலக்கரிச் சுரங்கங்களும், உருக்கு ஆலைகளும் ஒவ்வொன்றாக மங்கின. வட கடலில் எண்ணெய் கிடைத்தது; அதன் வரிப்பணமோ லண்டன் பொக்கிஷத்துக்குப் போயிற்று. ஸ்காட்லாந்து ஜனங்கள் ஒரு கட்சிக்கு வாக்களிப்பதும், ஜனத்தொகையில் பன்மடங்கு பெரிய இங்கிலாந்து மற்றொரு கட்சிக்கு வாக்களிப்பதும், பின்னதே இரு நாட்டையும் ஆளுவதும் பல தடவை நடந்தன. "நாம் தேர்ந்தெடுக்காத மந்திரிசபை நம்மை ஆளுவது எப்படி நியாயம்?" என்ற மனக்குறை வளர்ந்தது.

முதலில் தனிச் சட்டசபையாவது வேண்டும் என்று கேட்டார்கள். 1979-ம் வருஷத்தில் அதற்காக ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 51.6 பேர் "வேண்டும்" என்றார்கள். ஆனாலும் சட்டசபை கிடைக்கவில்லை! வாக்காளர் ஜாபிதாவில் உள்ள மொத்தப் பேரில் நூற்றுக்கு 40 பேராவது ஆதரிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சட்டத்தில் நுழைத்திருந்தார்கள். ஆதரித்தவர்களோ அந்தக் கணக்கில் 32.9 பேர்தான். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனும், ஜாபிதாவிலிருந்து நீக்கப்படாத இறந்தவனும்கூட எதிர்த்து வாக்களித்தவர்களாகக் கணக்காகிவிட்டார்கள். இந்த ஏமாற்றம் வெகுநாள் ஆறவில்லை. 1997-ல் இரண்டாம் முறை கேட்டபோது நூற்றுக்கு 74.3 பேர் ஆதரித்தார்கள். 1999-ல் எடின்பரோவில் பார்லிமெண்டு மீண்டும் கூடியது.

2011-ல் அந்தப் பார்லிமெண்டின் 129 ஸ்தானங்களில் 69 ஸ்தானங்களை ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி கைப்பற்றியது. அதன் தலைவர் அலெக்ஸ் ஸால்மண்ட் முழுச் சுதந்திரம் பற்றி ஜனங்களைக் கேட்க வேண்டும் என்றார். பிரிட்டிஷ் பிரதம மந்திரி டேவிட் காமரான் மறுக்கவில்லை. 2012 அக்டோபர் 15-ந் தேதி இருவரும் எடின்பரோவில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எந்த முடிவானாலும் இருவரும் மதிப்பது என்பது அதன் சாரம். ஒரு குண்டு வெடிக்காமல், ஒருவரும் சிறைக்குப் போகாமல், ஒரு இராஜ்யத்தைப் பிரிக்கலாமா என்று காகிதத்தில் எழுதிக் கேட்கச் சம்மதித்தார்களே, அதை மெச்சத்தான் வேண்டும்.

கேட்ட விதமும் கேட்கப்பட்டவர்களும்

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் எழுதப்பட்ட கேள்வி, "ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்பது. "ஒப்புக்கொள்கிறீர்களா" என்று ஆரம்பித்தால் மனிதன் ஆமாம் போடத்தான் பார்ப்பான் என்று தேர்தல் கமிஷன் ஆட்சேபித்தது. அந்த வார்த்தைகள் நீக்கப்பட்டன. இதன் அருமை கானடாவைப் பார்த்தால் தெரியும். 1995-ல் கியூபெக் மாகாணத்தில் பிரிவினை பற்றி வாக்கெடுத்தபோது, கேள்வி நீளமாகவும் சுற்றி வளைத்தும் இருந்தது. பிரிவதற்கு வாக்களிக்கிறோமா, பேச்சு வார்த்தைக்கு வாக்களிக்கிறோமா என்று பலருக்கு விளங்கவில்லை. நூற்றுக்கு 50.58 பேர் வேண்டாம் என்றும், 49.42 பேர் வேண்டும் என்றும் சொல்லி, நூலிழையில் நாடு தப்பியது. அதற்குப் பிறகு, தெளிவாகக் கேட்டால்தான் பேசுவோம் என்று கானடா தேசத்துப் பார்லிமெண்டு 2000-ம் வருஷத்தில் சட்டமே செய்தது.

யாருக்கு வாக்கு என்பதும் சாமானிய விஷயமன்று. ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் வசிப்பவனுக்கு வாக்கு இல்லை. இங்கிலாந்தில் பிறந்து ஸ்காட்லாந்தில் குடியிருப்பவனுக்கு வாக்கு உண்டு. அப்படிப்பட்டவர்கள் நாலு லட்சத்துக்கும் அதிகம். அங்கே முறைப்படி வசித்துவந்த இந்தியப் பிரஜைகளுக்கும் காமன்வெல்த் நாட்டினர் என்ற முறையில் வாக்கு இருந்தது. இரத்தத்தைப் பார்க்கவில்லை, இருப்பிடத்தைப் பார்த்தார்கள். விளைவை அனுபவிக்கப் போகிறவன் எவனோ அவனே தீர்மானிக்கட்டும் என்பது தத்துவம். இதே தத்துவத்தை ஒட்டிப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்கு கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெயரைப் பதிந்துகொண்டார்கள். தகப்பனாரும் மகளும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிர் கட்சியாக உட்கார்ந்து வாதாடிய வீடுகள் அநேகம்.

ஆனால் ஒரு குறை இருந்தது. பூரணமாகப் பிரியவும் வேண்டாம், இப்படியே இருக்கவும் வேண்டாம், எடின்பரோவுக்கு இன்னும் அதிக அதிகாரம் கிடைத்தால் போதும் என்று நினைத்தவர்கள் ஏராளம். அவர்களுக்கென்று ஒரு கட்டம் சீட்டில் இல்லை. பிரதம மந்திரி காமரான் மூன்றாவது கட்டத்தை வேண்டாமென்று விலக்கிவிட்டார். நடுவில் நிற்க விரும்பியவர்கள் ஏதாவது ஒரு கரையில் ஏற வேண்டியதாயிற்று.

பாகப் பிரிவினைக் கணக்கு

நம் ஊர்களில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது நிலத்தைப் பிரிப்பது கஷ்டமன்று. வரப்புப் போட்டுவிடலாம். கிணற்றை என்ன செய்வது? களத்தை என்ன செய்வது? தகப்பனார் வைத்துப்போன கடனை யார் அடைப்பது? வழக்கெல்லாம் அங்கேதான் முளைக்கும். ஸ்காட்லாந்திலும் அப்படியே.

முதல் வழக்கு கிணற்றைப் பற்றியது. அதாவது ஸ்டெர்லிங் பவுன் நாணயத்தைப் பற்றியது. "பிரிந்த பிறகும் பவுனையே இருவரும் பொதுவாக வைத்துக்கொள்வோம், அதில் எங்களுக்கும் பாத்தியம் உண்டு" என்றது ஸால்மண்ட் கட்சி. 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிதி மந்திரி ஜார்ஜ் ஆஸ்பார்ன் எடின்பரோவுக்கே வந்து, பிரிந்து போனால் பவுனையும் விட்டுப் போக வேண்டியதுதான் என்று கண்டிப்பாகச் சொன்னார். எதிர்க் கட்சியான தொழிற் கட்சியும் அதையே சொல்லிற்று. "அப்படியானால் கடனிலும் எங்களுக்குப் பங்கில்லை" என்று பதில் வந்தது. கிணறு இல்லையென்றால் கடனும் இல்லை! கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சம்பளமும் சேமிப்பும் வீட்டுக் கடனும் நாளைக்கு எந்த நாணயத்தில் இருக்கும் என்று கேட்ட குடும்பஸ்தனுக்கு அதில் விடை இல்லை.

இரண்டாவது, வட கடல் எண்ணெய். சுதந்திரக் கட்சியார் 2013 நவம்பரில் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு பெரும் புஸ்தகத்தை வெளியிட்டார்கள். சுதந்திர தினம் 2016 மார்ச் 24 என்று நாள் குறித்து, புது நாட்டின் வரவு செலவையும் விவரித்திருந்தார்கள். எண்ணெய் பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 110 டாலர் விலை என்பது அந்தக் கணக்கின் ஒரு தூண். அப்போதைய சந்தை விலையும் ஏறக்குறைய அதுதான். ஆனால் கிணறுகளில் எண்ணெய் சுரப்பது 1999-க்குப் பிறகு வருஷா வருஷம் குறைந்துகொண்டு வந்தது என்று எதிர்க் கட்சியார் எச்சரித்தார்கள்.

மூன்றாவது, ஐரோப்பிய யூனியன். புது ஸ்காட்லாந்து அதில் தானாகவே தொடர்ந்து இருக்குமா, அல்லது வெளியே நின்று மனுப் போட வேண்டுமா? யூனியனின் நிர்வாகத் தலைவராயிருந்த பரோஸோ, புது நாட்டுக்கு இடம் கிடைப்பது மிகவும் கடினம் என்ற பொருளில் பேசினார். "ஐரோப்பாவில் நிச்சயமாக இருக்க வேண்டுமானால் பிரிட்டனோடு இருங்கள்" என்பது சேர்க்கைக் கட்சியாரின் பிரசாரமாயிற்று. இந்த வாசகத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

இவற்றோடு, கிழவர்களுக்குப் பென்ஷன் யார் கொடுப்பது, பாஸ்லேன் துறைமுகத்திலிருக்கும் அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல்களை எங்கே அனுப்புவது, எல்லையில் காவல் வருமா என்று நூறு கேள்விகள். வேண்டும் கட்சி நம்பிக்கையைப் பேசிற்று. வேண்டாம் கட்சி அபாயத்தைப் பேசிற்று. முன்னதற்கு "பகற்கனவு" என்றும், பின்னதற்கு "பூச்சாண்டி" என்றும் எதிரிகள் பெயர் வைத்தார்கள்.

கடைசிப் பத்து நாள்

ஆகஸ்டு மாதத்தில் ஸால்மண்டும், சேர்க்கைக் கட்சியின் தலைவரும் முன்னாள் நிதி மந்திரியுமான அலிஸ்டேர் டார்லிங்கும் டெலிவிஷனில் இரண்டு தடவை வாதம் செய்தார்கள். முதல் வாதத்தில் "பவுன் கிடைக்காவிட்டால் உங்கள் மாற்று யோசனை என்ன?" என்று டார்லிங் திரும்பத் திரும்பக் கேட்டு மடக்கினார். இரண்டாவது வாதத்தில் ஸால்மண்ட் வென்றார் என்று ஊரார் சொன்னார்கள். செப்டம்பர் 7-ந் தேதி ஒரு பத்திரிகையின் அபிப்பிராயக் கணிப்பில் வேண்டும் கட்சி 51-க்கு 49 என்று முந்தியது. லண்டனில் ஒரே கலவரம்! மூன்று பெரிய கட்சிகளின் தலைவர்களும் வேலைகளைப் போட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்கு ஓடி வந்தார்கள். எதிர்காலத்தைப் பற்றி ஜனங்கள் மிகவும் ஜாக்கிரதையாகச் சிந்திப்பார்கள் என்று நம்புவதாக, கோயில் வாசலில் ராணியும் ஒரு வார்த்தை சொன்னார். வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்னால், அந்த மூன்று தலைவர்களும் கையெழுத்திட்டு, எடின்பரோ பார்லிமெண்டுக்கு இன்னும் விரிந்த அதிகாரங்கள் கொடுப்பதாக ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்தில் சத்தியம் செய்தார்கள். சீட்டிலிருந்து விலக்கிய மூன்றாவது கட்டம் இப்படிக் கொல்லைப்புற வழியாக உள்ளே வந்தது.

முடிவு என்ன என்பதை முன்பே சொன்னோம். 32 ஜில்லாக்களில் 28 ஜில்லாக்கள் வேண்டாம் என்றன. கிளாஸ்கோ, டண்டீ, மேற்கு டன்பார்ட்டன்ஷயர், வடக்கு லனார்க்ஷயர் ஆகிய நாலு மட்டும் வேண்டும் என்றன. பழைய ஆலைகள் மூடப்பட்டு வேலையின்மையும் வறுமையும் மிகுந்திருந்த பிரதேசங்கள் அவை. இருப்பதில் இழப்பதற்கு அதிகமில்லாதவன் மாறுதலைக் கண்டு அஞ்சுவதில்லை. பென்ஷன் வாங்கும் வயோதிகர்களில் பெரும்பாலோர் சேர்க்கையையே ஆதரித்தார்கள். இதில் எந்தப் பக்கத்தையும் பழிக்க வேண்டியதில்லை. இருதரத்தாரும் தங்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து பார்த்தார்கள்.

கணக்குகள் பொய்த்தன

இனிமேல்தான் இந்தச் சரித்திரத்தின் முக்கியமான பாடம் வருகிறது.

சுதந்திர தினம் என்று புஸ்தகத்தில் குறித்திருந்த 2016 மார்ச்சுக்கு இரண்டு மாதம் முன்னால், எண்ணெய் விலை பீப்பாய்க்கு 30 டாலருக்கும் கீழே இறங்கிற்று. 110 டாலர் என்று கட்டிய கணக்கு என்ன கதியாகியிருக்கும்! "நல்லவேளை, தப்பினோம்" என்று வேண்டாம் கட்சியார் சொன்னார்கள்.

ஆனால் அவர்கள் பெருமூச்சு விட்டு முடிவதற்குள் 2016 ஜூன் 23-ந் தேதி வந்தது. அன்று பிரிட்டன் முழுவதும் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதா என்று வாக்கெடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் நூற்றுக்கு 62 பேர் விலக வேண்டாம் என்றார்கள். 32 ஜில்லாக்களில் ஒன்று தவறாமல் எல்லாம் அப்படியே சொல்லின. ஆயினும் பிரிட்டன் மொத்தத்தில் 51.9 பங்கு விலகுவது என்று முடிவாகி, 2020 ஜனவரி 31-ந் தேதி விலகியும் விட்டது. "ஐரோப்பாவில் நிச்சயமாக இருக்க வேண்டுமானால் பிரிட்டனோடு இருங்கள்" என்ற வாசகம் என்னவாயிற்று? அதை நம்பி வேண்டாம் என்று குறியிட்டவன் எந்த ஆபத்துக்குப் பயந்தானோ, அதே ஆபத்து அவன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

பிரிந்தால் கிடைக்கும் என்ற செல்வத்தின் கணக்கும் தவறிற்று. இருந்தால் கிடைக்கும் என்ற பத்திரத்தின் கணக்கும் தவறிற்று. இரண்டு கட்டங்களில் ஒன்று மாறுதல், மற்றொன்று உள்ளபடியே இருப்பது என்று ஜனங்கள் நினைத்தார்கள். உண்மையில் உள்ளபடியே இருப்பது என்று ஒரு கட்டம் எந்த வாக்குச் சீட்டிலும் கிடையாது. ஓடுகிற ஆற்றில் படகைக் கட்டாமல் உட்கார்ந்திருப்பவனும் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.

வாக்காளன் என்ன செய்வது?

கணக்கெல்லாம் பொய்க்குமென்றால் கண்ணை மூடிக்கொண்டு குறியிடலாமா? கூடாது. கணக்கை விடவேண்டியதில்லை, கணக்கைச் சலித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று கண் உள்ள சல்லடை ஒன்று வேண்டும்.

முதலாவது: இந்த வாக்கினாலேயே கைக்கு வருவது எது, பிற்காலத்துத் தேர்தலினால் வருவது எது என்று பிரிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் வேண்டும் என்று வாக்களித்தால் நிச்சயமாகக் கிடைத்திருக்கக்கூடியது ஒன்றே. யுத்தம், சமாதானம், வரி, கடன் எல்லாவற்றையும் எடின்பரோவே தீர்மானிக்கும் அதிகாரம் அது. குழந்தைகளைப் பராமரிக்கும் வசதிகள் பெருகும் என்பது போன்ற வாக்குறுதிகள் அதிகாரத்தைக் கொண்டு பின்னால் செய்ய வேண்டிய காரியங்கள். ஒரு மந்திரிசபையின் மேல் கோபம் என்பதற்காக ஒரு தேசத்தின் அமைப்பை மாற்றுவதும், ஒரு மந்திரிசபையின் மேல் அபிமானம் என்பதற்காக மாற்றாமல் விடுவதும், ஒரே தவறின் இரண்டு முகங்கள். மந்திரிகள் போய்விடுவார்கள், எல்லைக் கோடு நிற்கும்.

இரண்டாவது: நம் கையில் இருப்பது எது, பிறர் கையில் இருப்பது எது என்று கேட்க வேண்டும். பவுன் நாணயம் லண்டன் கையிலும், யூனியனில் இடம் ஐரோப்பியர் கையிலும் இருந்தன. அதேபோல, பிரிட்டனோடு இருந்தால் ஐரோப்பாவிலும் இருக்கலாம் என்ற உறுதி இங்கிலாந்து வாக்காளர்கள் கையில் இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியா இதைக் கசப்பாக அனுபவித்தது. 1933-ல் அந்த ராஜ்யத்தின் ஜனங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆஸ்திரேலிய ஐக்கியத்தை விட்டுப் பிரிய வேண்டும் என்று வாக்களித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரிவினையை ஆதரித்த மந்திரிசபையை அதே நாள் தேர்தலில் தோற்கடித்தார்கள்! மனு லண்டனுக்குப் போயிற்று. ஆஸ்திரேலியாவின் சம்மதம் இல்லாமல் அதை ஏற்பதற்கில்லை என்று 1935-ல் பார்லிமெண்டுக் கமிட்டி சொல்லிவிட்டது. வாக்கு இருந்தது, வழி இல்லை.

மூன்றாவது: கணக்குத் தவறிப்போனாலும் இந்த முடிவில் நாம் நிற்போமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எண்ணெய் விலை விழுந்தாலும் பிரிவதே சரி என்று எவனுக்குத் தோன்றுகிறதோ, அவன் வேண்டும் என்று குறியிடலாம். ஐரோப்பா கைவிட்டுப் போனாலும் மற்ற பிரிட்டிஷ் ஜனங்களோடு ஒரே குடும்பமாயிருப்பதே சரி என்று எவனுக்குத் தோன்றுகிறதோ, அவன் வேண்டாம் என்று குறியிடலாம். விலைவாசியை மட்டும் நம்பிக் குறியிட்டவன் விலை மாறிய அன்றே தன் வாக்கை நொந்துகொள்வான். 1905-ல் நார்வே தேசத்தார் ஸ்வீடனோடு இருந்த சேர்க்கை முடிந்ததை ஏற்பதா என்று வாக்களித்தபோது, 3,68,208 பேர் ஆம் என்றார்கள். 184 பேர் மட்டும் இல்லை என்றார்கள். பெண்களுக்கு அப்போது வாக்கு இல்லை. அவர்கள் இரண்டு லட்சத்து நாற்பதினாயிரம் கையெழுத்துக்களுக்கு மேல் திரட்டித் தங்கள் சம்மதத்தைத் தெரிவித்தார்கள். அங்கே கணக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஸ்காட்லாந்து அப்படி ஒரே மனதாக இல்லை. வீட்டுக்கு வீடு, மனதுக்கு மனது பிளவு இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில்தான் சல்லடைக்கு அதிகத் தேவை.

பின் நடந்தது

தோல்வி தெரிந்த அன்றே ஸால்மண்ட் முடிவை ஒப்புக்கொண்டு, பதவி விலகுவதாகவும் அறிவித்தார். பத்திரிகையில் செய்த சத்தியத்தின் பேரில் 2016-ல் ஒரு சட்டம் வந்து, எடின்பரோவுக்கு வருமான வரி விகிதத்தை நிர்ணயிப்பது முதலிய அதிகாரங்கள் கிடைத்தன. தோற்ற கட்சியோ ஓய்ந்துவிடவில்லை. 2015 பொதுத் தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 ஸ்தானங்களில் 56 ஸ்தானங்களை அது வென்றது. 2024-ல் ஒன்பதாகக் குறைந்தது. இரண்டாவது வாக்கெடுப்பு நடத்த எடின்பரோ முயன்றபோது, லண்டன் பார்லிமெண்டின் அனுமதியின்றி அதற்குச் சட்டம் செய்ய முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சேர்வதற்கு ஸ்காட்லாந்தின் தரப்பில் அதன் பார்லிமெண்டின் வாக்கே போதுமாயிருந்தது. பிரியலாமா என்று கேட்பதற்கே இரண்டு பார்லிமெண்டுகளின் சம்மதம் வேண்டியிருக்கிறது.

அந்த வாக்கெடுப்பில் தலைமை வகித்த ஸால்மண்டும் டார்லிங்கும் இன்று உயிரோடில்லை. டார்லிங் 2023-லும் ஸால்மண்ட் 2024-லும் காலமானார்கள். ஆனால் அவர்கள் வாதித்த விஷயம் உயிரோடுதான் இருக்கிறது. அன்று பதினாறு வயதில் முதல் முதலாகக் குறியிட்ட பிள்ளைகள் இன்று குடும்பம் நடத்தும் வயதுக்கு வந்துவிட்டார்கள். மறுபடியும் ஒரு நாள் அந்த ஆறு வார்த்தைக் கேள்வி அவர்கள் முன் வருமானால், எண்ணெய் விலையையும் கேட்பார்கள், நாணயத்தையும் கேட்பார்கள், கேட்க வேண்டியதே. ஆனால் எந்தக் கணக்கும் நிலையாது என்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். கணக்குப் புஸ்தகத்தை மூடி வைத்த பிறகும் மனதில் மிஞ்சி நிற்பது எதுவோ, அதுதான் சீட்டில் விழ வேண்டிய குறி.